கொள்ளுக்கு முன் புல்

தமிழில் குதிரை என்றதும் நாவில் முதலில் வரும் தீனி கொள்ளு. கொள்ளு என்றால் வாயைத் திறந்து, கடிவாளம் என்றால் வாயை மூடிக்கொள்ளும் குதிரையைப் பற்றிய பழமொழி இன்றும் வீட்டுப் பேச்சில் வழங்குகிறது. ஆங்கிலத்திலும் அந்தப் பயற்றின் பெயர் குதிரையைச் சேர்த்தே அமைந்திருக்கிறது. இதனால்தானோ என்னவோ, குதிரைக்கு வலுவைத் தருவது தானியமும் பயறும்தான், புல் என்பது இடைப்பொழுதில் வாய் அசைக்கப் போடும் துணைத்தீனி என்ற எண்ணம் பலரிடம் ஊறிப்போயிருக்கிறது. அதே தமிழில் குதிரைமசால் என்றொரு சொல்லும் இருக்கிறது. ஆழமாக வேரோடி, நீர் பாய்ச்சினால் மூன்று நான்கு ஆண்டுகள் வரை அறுக்க அறுக்கத் தழைக்கும் ஊதாப்பூத் தீவனச் செடி அது. லாயங்களில் அதை லூசர்ன் என்பார்கள். குதிரையின் குடலை அறிந்தவர் இந்த இரண்டாவது சொல்லின் பக்கமே நிற்பார். ஏனெனில், அந்தக் குடலின் பெரும்பகுதி தழையிலும் புல்லிலும் உள்ள நார்ச்சத்தைச் செரிப்பதற்காகவே அமைந்தது; தானியம், உழைக்கும் குதிரைக்கு அதன்மேல் அளந்து சேர்க்கப்படும் கூடுதல் மட்டுமே.

இந்த உண்மை நாள்தோறும் சோதிக்கப்படும் ஊர்களில் பெங்களூரு ஒன்று. 1809-இல் ஆங்கிலேயர் இங்கே பாளையம் அமைத்த காலந்தொட்டுக் குதிரைப்படை இந்நகரின் ஓர் அங்கமாக இருந்தது. தமிழர் நெருங்கி வாழும் பகுதியை ஒட்டிச் செல்லும் இன்றைய காமராஜ் சாலை, முன்பு கேவல்ரி ரோடு, அதாவது குதிரைப்படைச் சாலை என்றே வழங்கியது. நகருக்கு மேற்கே சுமார் 70 கிலோமீட்டர் தொலைவில், தும்கூர் மாவட்டத்துக் குனிகலில், திப்பு சுல்தான் தம் படைக்காக நிறுவிய குதிரைப் பண்ணை, கைகள் பல மாறியும், பந்தயக் குதிரைகளை ஈனும் இடமாகத் தொடர்ந்திருக்கிறது. 1921-இல் தொடங்கிய பெங்களூர் டர்ஃப் கிளப்பின் பந்தயத் திடல் நகரின் நடுவிலேயே அமைந்தது. டோக்கியோ ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் இந்தியாவுக்காகப் பங்கேற்ற ஃபவாத் மிர்சாவும் இவ்வூர்க்காரரே. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் இந்த மேட்டுநிலத்தின் மிதமான வெயில் குதிரைக்கு ஒத்துப்போவதும் இத்தனைக்கும் ஒரு காரணம். ஆனால் தட்பவெப்பம் இருக்கும் இடத்தில் மேய்ச்சல் நிலமும் இருந்தாக வேண்டும் என்பதில்லை. நகரத்து லாயத்தில் நிற்கும் குதிரைக்குத் தன் காலடியில் புல் கிடையாது; அது தின்னும் ஒவ்வொரு பிடியும் லாரியில் வந்து இறங்கி, ஒரு மனிதரின் கையால் அளந்து போடப்படுகிறது. மேயும் விலங்குக்கு இயற்கை தானாகச் செய்து கொடுத்த கணக்கை இங்கே மனிதர் போட வேண்டியிருக்கிறது.

அந்தக் கணக்கு எங்கே தவறுகிறது என்பதை அறிய, பசுவையும் குதிரையையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயன்தரும். இரண்டும் புல் தின்பவை; ஆனால் புல்லின் உடலான செல்லுலோசை உடைக்கும் நொதி இரண்டின் உடலிலும் சுரப்பதில்லை. குடலில் குடியிருக்கும் நுண்ணுயிரிகளே அந்த வேலையைச் செய்கின்றன. பசுவுக்கு அந்த நுண்ணுயிர்ப் பட்டறை முன்பக்கத்தில், நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும் முதல் வயிற்றில் இருக்கிறது. அள்ளித் தின்றதைப் பிறகு வாய்க்குக் கொண்டுவந்து அசைபோட அதற்கு வசதி உண்டு. குதிரைக்கு அசைபோடும் வாய்ப்பே இல்லை. அதன் பட்டறை பின்பக்கத்தில், சிறுகுடலைத் தாண்டி, குருட்டுக்குடல் என்னும் ஒருபுறம் மூடிய பையிலும் அதைத் தொடரும் பெருங்குடலிலும் அமைந்திருக்கிறது. அதற்கு முன்னே இருக்கும் இரைப்பையோ, அத்தனை பெரிய உடலில் 8 முதல் 15 லிட்டர் மட்டுமே கொள்ளும் சின்னஞ்சிறு பை. இந்த ஏற்பாட்டின் பொருள் தெளிவானது: குதிரை கொஞ்சம் கொஞ்சமாக, நாளெல்லாம், இரவிலும் கூடத் தின்றுகொண்டே இருக்க வேண்டும். திறந்தவெளியில் விடப்பட்ட குதிரைகள் ஒரு நாளில் ஏறக்குறைய 16 மணி நேரம் மேய்ச்சலிலேயே கழிப்பது பேராசையால் அன்று, உடற்கூற்றால்.

செரிமானம் வாயில் தொடங்குகிறது என்பது எல்லா விலங்குக்கும் பொதுவான வாசகமானாலும், குதிரையின் வகையில் அதற்குத் தனி அழுத்தம் உண்டு. உலர்புல் தின்னும் குதிரையின் முகத்தைப் பக்கவாட்டிலிருந்து நோக்கினால், கீழ்த்தாடை மேலும் கீழுமாக அன்றி ஒருபுறமாக அகன்று வளைந்து, அம்மிக்கல்லில் குழவி நகர்வதைப் போல மேல்தாடையின் மீது இழுபட்டுத் திரும்புவதையும், ஒவ்வொரு இழுப்புக்கும் கண்ணுக்கு மேலுள்ள குழி புடைத்துத் தணிவதையும் காணலாம். ஒரு கிலோ உலர்புல்லை மென்று முடிக்க அதற்கு ஏறத்தாழ 40 நிமிடமும் மூவாயிரத்துக்கு மேற்பட்ட மெல்லுதலும் தேவை. அதே ஒரு கிலோ ஓட்ஸ் தானியம் 10 நிமிடத்தில், அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான மெல்லுதலில் உள்ளே போய்விடும். இந்த வேறுபாடு ஏன் பெரிதென்றால், மனிதருக்கு உணவைக் கண்டாலே வாயூறும், குதிரைக்கோ மென்றால்தான் உமிழ்நீர் சுரக்கும். ஒரு கிலோ உலர்புல்லுடன் மூன்று முதல் ஐந்து லிட்டர் உமிழ்நீர் கலந்து இறங்குகிறது. ஒரு கிலோ தானியத்துடன் இறங்குவது ஒன்று, மிஞ்சினால் ஒன்றரை லிட்டர். அந்த உமிழ்நீரில் பைகார்பனேட் என்னும் கார உப்பு இருக்கிறது. அமிலத்தைத் தணிக்கும் மருந்தைக் குதிரை தன் வாயிலேயே வைத்திருக்கிறது. அதை எடுத்துக்கொடுக்கும் திறவுகோல் புல்.

அந்த மருந்து தேவைப்படும் இடம் இரைப்பை. மனிதரின் இரைப்பை பெரும்பாலும் உணவை ஒட்டி அமிலத்தைச் சுரக்க, குதிரையின் இரைப்பை தின்றாலும் தின்னாவிட்டாலும் இரவு பகலாக அமிலத்தைச் சுரந்துகொண்டே இருக்கிறது. அதன் கீழ்ப்பகுதிச் சுவருக்குச் சளிப்படலக் காப்பு உண்டு. மேல்பகுதிச் சுவருக்கு அது இல்லை. வயிற்றில் புல் இருக்கும்வரை, பாதி மென்ற நார் ஒரு பாய் போல அமிலத்தின்மேல் மிதந்து அதை அடக்கி வைக்கிறது. வயிறு வெறுமையானபின் குதிரையை விரட்டினால், ஓட்டத்தின்போது வயிற்றறையில் ஏறும் அழுத்தம் இரைப்பையைச் சுருக்கி, காப்பற்ற மேல்சுவரின்மீது அமிலத்தை அள்ளித் தெளிக்கிறது. பந்தயக் குதிரைகளின் பயிற்சி எங்கும் விடியலில்தான் நடக்கிறது. முந்திய மாலை கொடுத்த புல் நள்ளிரவுக்கு முன்பே தீர்ந்திருந்தால், அந்த விடியல் ஓட்டம் வெறும் வயிற்றில் அமிலத்தைக் குலுக்கும் ஓட்டமாகிறது. பயிற்சியிலுள்ள பந்தயக் குதிரைகளுக்கு உள்நோக்கிக் குழாய் செலுத்திப் பார்த்த பல நாட்டு ஆய்வுகள், பத்தில் எட்டு ஒன்பது குதிரைகளுக்கு இரைப்பைப் புண் இருப்பதைக் கண்டன. வெளியே தெரிவதெல்லாம் தானியத்தைப் பாதியில் விட்டு விலகுதல், வார் இறுக்கும்போது முரண்டுபிடித்தல், மேனியின் மினுமினுப்பு மங்குதல் போன்ற சிறு குறிகளே. ஓட்டத்துக்கு அரைமணி முன்பு ஓரிரு பிடி குதிரைமசாலைத் தின்னவிடுவது எளிய காப்பு. அதிலுள்ள மிகுந்த கால்சியமும் புரதமும் அமிலத்தைத் தாங்கிப்பிடிக்கின்றன.

இரைப்பையைக் கடந்த உணவு, இருபது மீட்டருக்கு மேல் நீளும் சிறுகுடலை ஓரிரண்டு மணி நேரத்திலேயே தாண்டிவிடுகிறது. மாவுச்சத்தும் கொழுப்பும் பெரும்பகுதிப் புரதமும் அங்கே உறிஞ்சப்படுகின்றன. நார் மட்டும் தொடப்படாமல் பின்குடலுக்குப் போகிறது. குருட்டுக்குடலும் பெருங்குடலும் சேர்ந்து நூறு லிட்டருக்கும் மேற்பட்ட கொள்ளளவு உடையவை. ஒரு பிடி புல் அங்கே ஒரு நாளுக்கு மேல் தங்கி ஊறுகிறது. பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் ஒருசெல் உயிர்களும் செல்லுலோசை நொதிக்கச் செய்து, அசெட்டிக், புரோபியானிக், பியூட்டிரிக் என்னும் மூன்று சிறிய அமிலங்களை உண்டாக்குகின்றன. எளிதில் ஆவியாகும் இவை குடல் சுவர் வழியே இரத்தத்தில் கலந்து எரிபொருளாகின்றன. புல்லையே பெரிதும் நம்பி வாழும் குதிரைக்கு அதன் ஆற்றலில் பாதிக்கு மேல் இவ்வழியிலேயே வருகிறது. ஆகவே ஒரு குதிரைக்குத் தீனி போடுவது என்பது, நுட்பமாகப் பார்த்தால், அதன் பின்குடலிலுள்ள நுண்ணுயிர்க் குடிக்குத் தீனி போடுவதுதான். இக்குடியைக் குதிரை பிறவியிலேயே கொண்டுவருவதில்லை. பிறந்து சில நாட்களான குட்டி, தாய் போட்ட லத்தியை முகர்ந்து சிறிது தின்பதைக் குனிகல் போன்ற பண்ணைகளில் பணிசெய்வோர் சாதாரணமாகக் காண்பர். அருவருப்பாகத் தோன்றும் அச்செயலின் மூலம், புல்லைச் செரிக்கும் நுண்ணுயிர்களைத் தாய் தன் பிள்ளைக்குக் கைமாற்றுகிறாள்.

இந்தக் குடியைக் குலைக்கும் வழிகளில் முதன்மையானது மிகையான மாவுச்சத்து. குதிரையின் கணையத்தில் மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் நொதி குறைவாகவே சுரக்கிறது. ஒருவேளைத் தீனியில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு கிராம் மாவுச்சத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது நல்லது என்பது கால்நடை ஊட்டவியலாரின் அறிவுரை. 450 கிலோ குதிரைக்கு இது ஒருவேளைக்கு ஏறக்குறைய ஒரு கிலோ ஓட்ஸ், அல்லது முக்கால் கிலோவுக்கும் குறைவான மக்காச்சோளம். அளவு இதற்கு மிக மேலே போனால், செரிக்காத மாவு பின்குடலுக்குள் வழிந்து, அங்கே நாரைத் தின்னும் நுண்ணுயிர்களை ஒதுக்கிவிட்டு லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும் பாக்டீரியாக்களைப் பெருகச் செய்கிறது. அமிலம் ஏறியதும் நார் தின்னும் உயிர்கள் கூட்டமாக மடிகின்றன. அவற்றின் உடல்சுவரிலிருந்து கசியும் நஞ்சு, புண்பட்ட குடல் வழியே இரத்தத்தில் கலக்கிறது. குடலில் தொடங்கிய இத்தொல்லை கடைசியில் குளம்பில் போய் முடிவதுண்டு. குளம்பின் சுவரும் உள்ளேயுள்ள எலும்பும் புத்தகத் தாள்கள் ஒன்றினுள் ஒன்று செருகியதைப் போல மெல்லிய மடிப்புகளால் பிணைந்திருக்கின்றன. அம்மடிப்புகள் அழற்சியுற்று நெகிழும் நிலையே லாமினைட்டிஸ். முன்கால்களில் எடை தாங்காமல், உடலைப் பின்னுக்குச் சாய்த்து நிற்கும் குதிரையைப் பார்த்தவர்கள் அந்த வலியை எளிதில் மறக்கமாட்டார்கள்.

கொள்ளைப் பற்றியும் இங்கே நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஏறத்தாழ 22 விழுக்காடு புரதம் கொண்ட அது கெட்ட தீனியன்று. கர்நாடகத்தின் வறண்ட நிலங்களில் ஹுருளி என்ற பெயரில் பெருமளவு விளைவது. பச்சைக் கொள்ளில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் இருப்பதால் அதை ஊறவைத்து வேகவைத்துக் கொடுத்த பழைய முறை அறிவார்ந்ததே. தவறு கொள்ளில் இல்லை. புல்லைக் குறைத்துவிட்டு அந்த இடத்தைக் கொள்ளால் நிரப்புவதில் இருக்கிறது.

இப்படி நிரப்பியதன் வரலாறு தென்னகத்தில் நீண்டது. பட்டினப்பாலைக் காலந்தொட்டுக் கடல்வழியே வந்திறங்கிய குதிரைகள் இங்கே நிலைத்துப் பெருகாமல் ஆண்டுதோறும் புதிதாக வாங்கப்பட்டதைப் பல சான்றுகள் காட்டுகின்றன. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, அரசர்கள் ஆயிரக்கணக்கில் வாங்கிய குதிரைகளில் மிகப்பல ஓராண்டுக்குள் இறந்துபோனதையும், அவற்றுக்குச் சோற்றோடு வேகவைத்த இறைச்சி கொடுக்கப்பட்டதையும் எழுதியிருக்கிறார். ஏறக்குறைய அதே காலத்துப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், வறுத்த தானியமும் வெண்ணெயும் பாலும் இங்கே குதிரைத் தீனியாக இருந்ததைக் குறிப்பிடுகிறார். அயலார் குறிப்புகளை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. வெப்பமும் நோயும் பராமரிப்பறியாமையும் காரணங்களாகச் சொல்லப்படுவதும் பொருத்தமே. எனினும், பாலைவனத்து உலர்புல்லில் வளர்ந்து கப்பலில் வந்திறங்கிய ஒரு குடலுக்குள் சோறும் வெண்ணெயும் திடீரெனப் போனால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை மேலே சொன்ன செய்திகளிலிருந்து ஊகிக்க முடியும். குதிரைமீது குறைவில்லாத அன்பும் செலவும் இருந்தும், அதற்கு வேண்டிய எளிய பொருள் கிடைக்காமல் போனது துயரமான செய்தி.

இன்றைய லாயத்துக்கு வந்தால், கணக்கு இப்படி அமைகிறது. ஒரு குதிரைக்கு அதன் உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்குக்குக் குறையாத தழைத்தீவனம் ஈரம் நீக்கிய கணக்கில் நாள்தோறும் வேண்டும். இரண்டு பங்கு கிடைத்தால் நன்று. 450 கிலோ எடையுள்ள குதிரைக்கு இது குறைந்தது ஏழரைக் கிலோ, நிறைவாக 10 கிலோ உலர்புல். பத்துக் கிலோவை மெல்ல ஏறத்தாழ ஆறரை மணி நேரம் ஆகும். இதற்கு மாறாக, கடும் பயிற்சியிலுள்ள குதிரைக்கு ஐந்து கிலோ ஓட்ஸும் நான்கு கிலோ புல்லும் என்று கொடுத்தால், மெல்லும் நேரம் மொத்தமே மூன்றரை மணி. பதினாறு மணி நேரம் மேயப் பிறந்த விலங்கு மீதிப் பொழுதெல்லாம் அமிலம் சுரக்கும் வயிற்றோடு சுவரைப் பார்த்து நிற்கிறது. தொட்டிக் கட்டையைப் பல்லால் பற்றிக் காற்றை விழுங்குவதும், ஓயாமல் தலையை இருபுறமும் ஆட்டுவதும் குறும்புத்தனம் என்று தண்டிக்கப்படுவதுண்டு. 1995-இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வு, பந்தயக் குதிரைகளுக்கான தழைத்தீவனம் நாளொன்றுக்கு 6.8 கிலோவுக்குக் கீழே போகும்போது இத்தகைய நடத்தைகள் மிகுவதைக் காட்டியது. கழுத்தில் வார்கட்டித் தடுப்பதைவிட ஒரு வலை நிறையப் புல் கட்டித் தொங்கவிடுவதே அந்த நடத்தைக்கு ஏற்ற முதல் மருத்துவம்.

பெங்களூரில் இந்தக் கணக்கு ஏமாற்றும் இடம் பசுந்தீவனக் கட்டு. காலையில் வந்திறங்கும் பச்சை லூசர்ன் கட்டு கண்ணுக்குப் பெரிதாக, குளிர்ச்சியாக, குதிரைக்கு விருந்தாகத் தெரியும்; ஆனால் அதில் முக்கால் பங்குக்கு மேல் நீர். பத்துக் கிலோ பசுங்கட்டில் உள்ள உண்மையான தீவனம் இரண்டு, இரண்டரைக் கிலோதான். எனவே பச்சை லூசர்ன் கட்டை அதே எடை உலர்புல்லுக்கு ஈடாக எண்ணக் கூடாது.

எந்தத் தழை என்ற கேள்விக்கும் இந்த வட்டாரத்துக்கே உரிய விடைகள் உண்டு. பெங்களூரைச் சுற்றியுள்ள தும்கூர், கோலார், ராமநகரம் பகுதிகள் கேழ்வரகின் நாடு. அறுவடைக்குப்பின் போராக அடுக்கிவைக்கப்படும் ராகித் தாள் இங்கே எளிதில் கிடைக்கும் தழைத்தீவனம். நெல் வைக்கோலில் சிலிக்காவும், கால்சியத்தைப் பிணைத்துவிடும் ஆக்சலேட்டும் மிகுதி. அதோடு ஒப்பிட ராகித் தாள் செரிப்பதற்கு எளிது, கால்சியமும் கூடுதல். ஆனாலும் அது தாள்தான். கதிர் முற்றியபின் நிற்கும் தண்டில் புரதம் சொற்பம், லிக்னின் என்னும் மரச்சத்து அதிகம், அந்த லிக்னினை நுண்ணுயிர்களாலும் உடைக்க முடியாது. டென்மார்க்கில் 2009-இல் வெளியான ஆய்வொன்று, தாளையே ஒரே தழையாகத் தின்ற குதிரைகளிடம் இரைப்பைப் புண் பல மடங்கு மிகுந்திருந்ததைக் காட்டியது. எனவே ராகித் தாளை வாயும் குடலும் ஓய்வின்றி இயங்க உதவும் கூட்டாளியாக வைத்துக்கொண்டு, ஊட்டத்துக்கு ரோட்ஸ் புல்லையோ ஓட்ஸ் பயிரைப் பால்பருவத்தில் அறுத்துக் காயவைத்த உலர்புல்லையோ அடிப்படையாகக் கொள்வது தகும். குதிரைமசால் அவற்றோடு கலக்க உகந்தது. அதை மட்டுமே மலையாகக் குவிப்பதும் பிழை, ஏனெனில் மிகுதியான புரதம் சிறுநீரில் யூரியாவாக வெளியேறி, அம்மோனியாவாக மாறி அடைத்த லாயத்தின் காற்றைக் கெடுக்கும்.

மாட்டுக்கு நல்லதெல்லாம் குதிரைக்கும் நல்லது என்ற நம்பிக்கையால் விளையும் தீங்குக்குக் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் ஓர் எடுத்துக்காட்டு. பால்மாடு வளர்ப்போருக்கு வரமான அந்தப் புல்லில் ஆக்சலேட் அதிகம். மாட்டின் முதல் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைச் சிதைத்துவிடும்; குதிரையின் நுண்ணுயிர்ப் பட்டறை, கால்சியம் உறிஞ்சப்படும் சிறுகுடலுக்குப் பின்னால் இருப்பதால் அங்கே காலம் கடந்துவிடுகிறது. இதோடு பாஸ்பரஸ் மிகுந்த கோதுமைத் தவிட்டையும் நாள்தோறும் வாளி வாளியாகக் கொடுத்தால், இரத்தத்தின் கால்சியத்தைக் காப்பாற்ற உடல் தன் எலும்பையே கரைக்கத் தொடங்கும். முகத்தெலும்பு மென்மையாகி வீங்கிப் பெருத்த தலையோடு, காரணம் தெரியாத நொண்டலோடு நிற்கும் இந்நிலையைப் பெருந்தலை நோய் என்றும், தவிடு அரைத்த ஆலைக்காரர்களின் குதிரைகளிடம் மிகுதியாகக் காணப்பட்டதால் ஆலைக்காரர் நோய் என்றும் அழைத்தனர்.

நல்ல புல்லையும் கெடுப்பது ஈரம். அறுக்கும்போது 75 முதல் 80 விழுக்காடு வரை இருக்கும் நீர், கட்டும்போது 15 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை இது இவ்வூர் வெயிலுக்கு எளிய வேலை. பெங்களூருக்கோ தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் உண்டு. செப்டம்பர், அக்டோபரில் பெய்வது கனமழை. அரைகுறையாகக் காய்ந்து கட்டப்பட்ட புல் உள்ளுக்குள் சூடேறிப் பூஞ்சை பிடிக்கும், சில நேரம் தானாகவே தீப்பற்றவும் செய்யும். வாங்குபவர் கட்டின் வெளிநிறத்தை மட்டும் பார்த்து முடிவுசெய்யக் கூடாது. வெயில்பட்டு வெளுத்த வெளிப்புறம் குற்றமில்லை. கட்டைப் பிரித்து நடுவிலிருந்து ஒரு பிடி எடுக்க வேண்டும். கையில் முறுக்கினால் தண்டு துவளாமல் ஒடிய வேண்டும், குதிரைமசாலானால் இலைகள் தண்டைவிட்டு முழுதும் உதிர்ந்திருக்கக் கூடாது, ஏனெனில் ஊட்டம் இலையில்தான் இருக்கிறது. உள்ளங்கையில் வெதுவெதுப்பு தட்டக் கூடாது. உதறினால் வெண்புகை போலத் தூசி எழக் கூடாது. மூக்கருகே கொண்டுசென்றால் தேயிலைப் பெட்டியைத் திறந்ததுபோன்ற மணம் வர வேண்டும், புழுங்கிய சாக்கின் வாடை வரக் கூடாது. ஓரளவு தூசி எந்த உலர்புல்லிலும் உண்டு. கொடுக்குமுன் பத்துப் பதினைந்து நிமிடம் நீரில் நனைத்து வடித்தால் அது மூச்சுக்குழாய்க்குள் போகாது. நனைத்ததை அன்றே தின்று முடிக்கச் செய்ய வேண்டும். மறுநாளுக்கு வைத்தால் அது புளித்துவிடும்.

இத்தனை கவனமும் எதைத் தவிர்ப்பதற்கென்றால், லாயத்தில் எல்லாரும் அஞ்சும் காலிக் என்னும் வயிற்றுவலியைத் தவிர்ப்பதற்காகவே. காலிக் என்பது ஒரு நோயின் பெயரன்று. வாயு ஏறுதல், குடல் இசிவு, அடைப்பு, குடல் இடம்பெயர்ந்து முறுக்கிக்கொள்ளுதல் எனப் பல கோளாறுகளின் பொதுக்குறி. குதிரையின் இடப்பக்கப் பெருங்குடல் இடுப்பருகே கொண்டையூசி வளைவாகத் திரும்பும் இடத்தில், ஒரு சாண் அகலமான குழாய் சட்டென்று நாலு விரல் அகலத்துக்குக் குறுகுகிறது. முற்றிய தாளை, பல் தேய்ந்து சரியாக மெல்லாமல், போதிய நீரும் இல்லாமல் தின்ற குதிரைக்கு அடைப்பு உண்டாகும் இடம் பெரும்பாலும் அதுவே. உலர்புல் தின்னும் குதிரைக்கு நாளொன்றுக்கு 30 முதல் 45 லிட்டர் வரை நீர் வேண்டும். புல்லைப் பற்றிப் பேசுவோர் தண்ணீர்த் தொட்டியை மறந்தால் பாதிப் பாடம் விட்டுப்போகும்.

காலிக்குக்கு இன்னொரு காரணம் தீனியில் திடீர் மாற்றம். பின்குடலின் நுண்ணுயிர்க் குடி தான் பழகிய புல்லுக்கேற்ப அமைந்திருக்கும். புதிய புல்லுக்குப் பழக அதற்கு ஏழு முதல் பதினான்கு நாட்கள் ஆகும். ஹைதராபாத்திலிருந்தும் புனேயிலிருந்தும் பந்தயப் பருவத்துக்காக லாரியில் வரும் குதிரை, பயணக் களைப்போடும் குறைந்த நீரோடும் இறங்கி, அன்று மாலையே இதுவரை கண்டிராத புல்லைத் தின்னும் நிலை தவிர்க்கப்பட வேண்டும். குதிரையோடு அதன் பழைய லாயத்துப் புல்லையும் ஒரு வாரத்துக்குப் போதுமான அளவு ஏற்றி அனுப்பி, நாள்தோறும் சிறிது சிறிதாகப் புதியதைக் கலந்து வருவது செலவு குறைந்த காப்பீடு.

காலிக் தொடங்கிய குதிரை முன்காலால் தரையைக் கீறும், விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், மேலுதட்டைச் சுருட்டும், படுத்துப் புரளும். அப்போது மருத்துவர் செய்யும் முதல் சோதனைகளில் ஒன்று விலாவில் காது கொடுப்பது. நலமான குதிரையின் வலப்பக்க மேல்விலாவில் ஒலிமானியை வைத்தால், சில நிமிடங்களுக்கு ஒருமுறை, நெடுங்குழாயில் தண்ணீர் கொட்டி இறங்குவதுபோன்ற நீண்ட ஓசை கேட்கும். சிறுகுடலிலிருந்து நீர்மம் குருட்டுக்குடலுக்குள் பாயும் ஓசை அது. அந்த ஓசை அடங்கிப்போவது ஆபத்தின் அறிகுறி. குதிரையால் வாந்தி எடுக்க இயலாது. உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்துத் தசைவளையம் அத்தனை இறுக்கமானது. மேலே வழியில்லாமல் வாயுவும் நீர்மமும் தேங்கினால் இரைப்பை கிழிந்தே போகலாம், ஆதலால் மருத்துவர் மூக்கு வழியாகக் குழாய் செலுத்தி அதை வடிக்கிறார். அவர் வரும்வரை தீனியை எல்லாம் அகற்றிவிட்டுக் காத்திருப்பதே செய்யத்தக்கது. நல்லெண்ணத்தோடு மூங்கில் குழாயாலோ புட்டியாலோ எண்ணெயை வாயில் ஊற்றினால், வலியில் தவிக்கும் குதிரையின் நுரையீரலுக்குள் எண்ணெய் இறங்கி உயிருக்கே உலைவைத்துவிடும்.

நாள்தோறும் குடலின் நிலையைச் சொல்லும் சான்றோ, எந்தக் கருவியும் இன்றி, விடியலில் லாயத்தின் தரையிலேயே கிடக்கிறது. நலமான குதிரை ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு முறை லத்தி போடும். உருண்டைகள் ஈரப்பளபளப்போடு விழுந்து, தரையில் பட்டதும் சற்றே உடைய வேண்டும். கல்லாக இறுகி மேலே சளிப்பூச்சு படிந்திருந்தால் நீர் குறைந்திருக்கிறது, மாட்டுச்சாணம்போல இளகிப் புளிப்பு நாற்றம் அடித்தால் தானியம் மிஞ்சியிருக்கிறது. ஓர் உருண்டையைப் பிட்டு விரல்களுக்கிடையே பிசைந்து பார்க்கும் பழகிய சைஸ் (குதிரைப் பராமரிப்பாளர்), நார் அரை அங்குலத்துக்கு மேல் நீண்டிருந்தால் பல்லைப் பார்க்கச் சொல்லுவார். முழுத் தானியம் தென்பட்டாலும் அவ்வாறே. பிறகு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, கொள்ளு வாளியைத் தொடுவதற்கு முன், வலையில் புல் மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பார்.